கட்டு, படியாகுமா

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மாலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு, முழுச் சுயநினைவோடும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், நீ அனுப்பிய பெட்டியைத் திறப்பது என்று முடிவெடுத்தேன். முடிவெடுப்பதற்கு முன் கைகளைக் கழுவினேன். மேஜையில் இருந்த இரண்டு தீ விபத்துக் கோப்புகளையும் ஒரு வெள்ளச் சேதக் கோப்பையும் கட்டிலுக்கு மாற்றினேன். மின்விசிறியை நிறுத்தினேன், சிறு துண்டுகள் உருண்டு போய்விடக் கூடாது. பிறகு பெட்டியின் ஓரத்தில் வட்டமாக ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கரை பிளேடால் நேர்கோட்டில் அறுத்தேன்.

இரண்டு வருடம் கழித்து உன்னிடமிருந்து வந்த முதல் பார்சல் இது. நடைமுறையில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். போனில் என் குரலை இந்த ஜென்மத்தில் கேட்கப்போவதில்லை என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. கையெழுத்தைப் பற்றி அன்று நீ எதுவும் சொல்லவில்லை. அந்த அடிப்படையில் இதை எழுதுகிறேன்.

பெட்டியின் மேல் நீ ஒட்டியிருந்த சீட்டில் மூன்று வரிகள் இருந்தன. முதல் வரி "கட்டு". இரண்டாம் வரி "படியாகுமா". மூன்றாம் வரி "பார்த்துச் சொல்". நலமா என்றுகூட இல்லை. கட்டு என்பது கட்டளை. படியாகுமா என்பது, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படிகின்றனவா என்ற கேள்வி. (படியுமா என்று இருந்திருக்கலாம். அக்காவின் இலக்கணத்தைத் திருத்துவது என் வேலை இல்லை.) நான் இருபத்திரண்டு வருடமாக இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இழப்பு மதிப்பீடு செய்கிறவன். நாங்கள் எழுதியிருப்பதைத்தான் படிப்போம், எழுத நினைத்ததைப் படிக்க மாட்டோம். எனவே கட்டினேன்.

பொருள்: ஒரு செங்கல் அளவு அட்டைப்பெட்டி. உள்ளே பிளாஸ்டிக் கட்டைகள், இரண்டு பைகளில். அட்டையில் இருக்கும் படம் தவளைத் தளபதி. கல்லூரி இரண்டாம் வருடம் கணக்குத் தேர்வில் நான் தோற்றதற்கு வீட்டில் எல்லோரும் சேர்ந்து பொறுப்பாக்கிய அதே வீடியோ கேம், அதே தவளை. கிணற்றிலிருந்து குதித்து, விளிம்பில் நின்று, மறுபடி குதித்துக் காசைப் பிடிக்கும். தலையில் ஒரு இரும்புத் தொப்பி.

துண்டுகள்: பெட்டியில் அச்சிட்டிருப்பது நூற்று முப்பத்தெட்டு. நான் எண்ணியதில் நூற்று நாற்பத்தொன்று. மூன்று முறை எண்ணினேன். தொலைந்து போனால் இருக்கட்டும் என்று பொடித் துண்டுகளில் மூன்று கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். என் பணிக்காலத்தில், சொன்னதைவிட அதிகமாகச் சரக்கு இருந்த முதல் இனம் இதுதான். இதைக் குறிப்பதற்கு எங்கள் படிவத்தில் கட்டமே இல்லை.

கட்டி முடிக்க ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. கிணற்றின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி வருகிறது. அதைச் சுற்றினால் தவளை குதிக்கிறது. ஒன்பது முறை சோதித்தேன், ஒன்பது முறையும் குதித்தது. பத்தாவது முறை சுற்றியது சோதனைக்காக அல்ல.

முதற்கட்ட முடிவு: படிகிறது. விரிவான அறிக்கை வேண்டுமா என்று தெரிவிக்கவும்.

அன்புடன்,
தம்பி

ஜூன் 6

தம்பிக்கு,

"அன்புள்ள" போடக் கை வரவில்லை. வந்ததும் போடுகிறேன்.

அது கட்டு, படியாகுமா இல்லை. கட்டுப்படியாகுமா. ஒரே வார்த்தை. வாங்கிக் கடையில் வைத்தால் கட்டுப்படியாகுமா என்று கேட்டேன். சீட்டு சின்னது, வார்த்தை பாதியில் மடங்கியது, "ப்" மேல் டேப்பை ஒட்டித் தொலைத்துவிட்டேன். இந்தத் தெருவில் போகிற யாரைக் கூப்பிட்டு அந்தச் சீட்டைக் காட்டினாலும் கடைக்காரி கேட்கிற கேள்வி என்னவென்று சொல்லியிருப்பார்கள். நான்தான் தேடிப் பிடித்து உனக்கு அனுப்பினேன்.

நீ நேர்கோட்டில் அறுத்தாயே அந்தச் சிவப்பு வட்டம், அது மொத்த வியாபாரியின் முத்திரை. பெட்டி எனக்குச் சொந்தமே இல்லை, பார்க்கக் கொடுத்த மாதிரி. பதினைந்தாம் தேதிக்குள் முத்திரையோடு திருப்பிக் கொடுத்தால் வேண்டாம் என்று அர்த்தம். முத்திரை உடைந்தால் நாற்பது பெட்டி எடுத்துக்கொண்டேன் என்று அர்த்தம். எழுதியிருப்பதைத்தான் படிப்பவன் நீ, பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் அதையும் எழுதியிருந்தார்களே, அதைத் திருப்பிப் பார்க்கவில்லையா? நீ பிரிப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் கடை முழுக்க நனைந்து கிடந்தபோது செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றே மதிப்புப் போட்டவன்தானே, மூடின பெட்டியை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லத் தெரியாதா என்று நினைத்தேன்.

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுத ஆரம்பித்துவிட்டேன், இருக்கட்டும். மாடிக் குழாய் உடைந்து என் பொம்மை அலமாரி பூராவும் தண்ணீர். உன்னை வரச் சொன்னது தம்பி என்று. நீ உன் அத்தான் முன்னால் என்ன சொன்னாய்? "நனையறதுக்கு முன்னாடியும் இதுக்கு மதிப்பு ஒண்ணும் கிடையாதேக்கா." நோட்டு, பேனா விற்கிற கடையில் ஒரு பக்கம் நான் ஆசைப்பட்டு வைத்தது அந்த அலமாரி. நீ பஸ் ஏறிப் போய்விட்டாய். நான் அந்த வாக்கியத்தோடு இரண்டு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். உன் அத்தான் வாரம் ஒரு முறையாவது அதை எடுத்து விடுகிறார், அதுவும் உன் குரலில்.

அவருக்கு அந்த இடத்தில் ஒரு ஜெராக்ஸ் மெஷின் வேண்டும். எங்களுக்குள் ஒரு பேச்சு. பள்ளி திறக்கிற வாரத்துக்குள் பொம்மை அலமாரி தானாக ஓடுகிறது என்று நான் காட்டினால் அலமாரி இருக்கும். இல்லாவிட்டால் மெஷின். அதற்குத்தான் புதுசாக, விலை குறைவாக, இந்தத் தவளையைப் பார்த்தேன். பத்துப் பெட்டி எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவள் இப்போது நாற்பதுக்கு நிற்கிறேன்.

உன் கடிதத்தை எனக்கு முன்னால் அவர் படித்துவிட்டார்.

"உன் தம்பி நாப்பது பெட்டி வாங்கிக் குடுத்திருக்கான் பாரு."

"அவன் எங்க வாங்கினான், பிரிச்சான்."

"ரெண்டும் ஒண்ணுன்னு பெட்டிக்காரனே போட்டிருக்கான். மெஷின்காரர இருபதாம் தேதி வரச் சொல்லிடறேன். அவருக்கு முத்திரை கித்திரை ஒண்ணும் கிடையாது, பிளக்க சொருகினா ஓடும்."

முத்திரையை ஒட்டவைக்க முடியுமா என்று பார். முடியாவிட்டால் அந்தப் பெட்டி போகுமா போகாதா என்று உள்ளதை எழுது. படிவம், கட்டம், இனம் எல்லாம் இல்லாமல் கொஞ்சம் மனுஷன் மாதிரி எழுது.

அக்கா

பி.கு. எவ்வளவு உயரம் குதிக்கிறது? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்பது சென்டிமீட்டர். அலுவலக அளவுநாடாவால் எடுத்தது.

முத்திரையை ஒட்டிப் பார்த்தேன். கோந்தால் ஒரு முறை, செருப்புக்குப் போடுகிற பசையால் ஒரு முறை. பிளேடு போன கோடு தெரிகிறது. சிவப்பு மையால் அந்தக் கோட்டை மூடலாமா என்று ஒரு நிமிடம் பேனாவைக் கையில் எடுத்தது உண்மை. பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். இதை வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் முதல் பார்வையிலேயே நிராகரித்திருப்பேன். பேனாவை மூடிவிட்டேன். பெட்டியின் அடியைத் திருப்பிப் பார்க்காதது என் தவறு. அதை எழுத்தில் தருகிறேன், அத்தானிடம் காட்டலாம்.

போகுமா போகாதா என்பது என் அறைக்குள் உட்கார்ந்து சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்று தோன்றியது. கிணற்றையும் தவளையையும் செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மேஜை மேல் வைத்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பதினொரு மணி வரை யாரும் பார்க்கவில்லை. பதினொன்றேகாலுக்கு டிரைவர் அண்ணன் கையெழுத்து வாங்க வந்தார்.

"சார், இது எந்தக் கேஸ்ல வந்தது?"

"எங்க அக்கா கேஸ்."

"என்ன சேதம்?"

"இன்னும் முழுசாத் தெரியலண்ணே."

அவர் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். கையெழுத்து வாங்காமலே போனார். ஐந்து நிமிடத்தில் கேஷியரோடு வந்தார். கேஷியர் போய்த் தணிக்கைப் பிரிவை அழைத்து வந்தார். நான் பல தீ விபத்துகளைப் பார்த்திருக்கிறேன், பரவுகிற வேகம் எனக்குத் தெரியும்.

பன்னிரண்டு மணிக்கு மேலாளர் அம்மா வெளியே வந்தார். எங்கள் அலுவலகத்தில் அவர் அறைக்கதவு திறக்கும் சத்தத்துக்கே கணினிகள் வேகமாக ஓடும்.

"இது ஆபீஸா, இல்ல விளையாடற இடமா?"

கேஷியர் தன் இருக்கையைத் தேடிப் போனார்.

"ஏன் சார், உங்க வயசென்ன?"

"நாற்பத்தாறு மேடம்."

"கைப்பிடி எந்தப் பக்கம் சுத்தணும்?"

பொருளை ஆய்வுக்காகத் தன் அறைக்கு எடுத்துப்போனார். முப்பத்தைந்து நிமிடம் கதவு சாத்தியே இருந்தது. அதற்குள் இரண்டு தொலைபேசி அழைப்புகளை "மீட்டிங்ல இருக்காங்க" என்று உதவியாளர் திருப்பிவிட்டார். திறந்துகொண்டு வந்தபோது அவர் முகத்தைப் பார்த்து எனக்கு மாற்றல் உத்தரவோ என்று தோன்றியது.

அக்கா, இப்போது நான் எழுதப்போவதை உட்கார்ந்து படி. கிணற்றுக்குள்ளே கைப்பிடியோடு ஒரு சக்கரம் சுற்றுகிறது. அந்தச் சக்கரத்தில் ஒரு சின்ன மேடு இருக்கிறது. மேடு வந்து இடிக்கும்போது தவளை குதிக்கும். ஒரு மேடு, ஒரு தாவல். பெட்டியோடு வந்த புத்தகத்தில் அவ்வளவுதான். மேலாளர் அம்மா என்ன செய்தார் என்றால், கூடுதலாக வந்த மூன்று பொடித் துண்டுகளில் ஒன்றை எடுத்து, முதல் மேட்டிலிருந்து சற்றுத் தள்ளி, அதே சக்கரத்தில் சொருகிவிட்டார். இப்போது ஒரு சுற்றுக்கு இரண்டு தாவல். கிணற்றிலிருந்து விளிம்புக்கு ஒன்று, விளிம்பிலிருந்து காசுக்கு ஒன்று. விளையாட்டில் வருவது மாதிரியே. தொலைந்தால் போட வைத்திருக்கிற துண்டு என்று நான் ஒதுக்கி வைத்ததுதான் அது. "ரெண்டு தடவ குதிக்காம இது என்ன தளபதி" என்றார். தன் மகன் விளையாடும்போது பின்னால் நின்று பார்த்திருக்கிறாராம். பின்னால் நின்றவர் மாதிரி தெரியவில்லை.

குறைகளும் இருக்கின்றன, நீ உள்ளதை எழுதச் சொன்னாய். கிணற்றின் மேல் நிற்கும் சின்னக் கொடியில் இருப்பது அச்சு இல்லை, ஸ்டிக்கர். இன்றைக்குள் ஒரு மூலை எழும்பிவிட்டது. தவளையின் முதுகு உள்ளே வெற்றுக்கூடு, பின்னாலிருந்து பார்த்தால் தெரியும். விளையாட்டில் வரும் எதிரி ஆந்தை இந்தப் பெட்டியில் கிடையாது, பெரிய பெட்டியில்தான் வரும் போலிருக்கிறது. விளையாட்டை முழுக்க அறிந்தவர்கள் இதை மன்னிக்க மாட்டார்கள். காசு என்பது ஒரு மஞ்சள் வட்டம்.

விலை, எங்கள் கேண்டீனில் மூன்று மதியச் சாப்பாடு. மூன்று நாள் சாப்பாடும் அந்தந்த நாள் இரண்டு மணிக்குள் முடிந்துவிடும். இதைப் பற்றிய பேச்சு செவ்வாய்க்கிழமை தொடங்கியது, இன்று வியாழன், இன்னும் முடியவில்லை.

மனுஷன் மாதிரி எழுதச் சொன்னாய், முயன்றிருக்கிறேன். ஆனாலும் பழக்கத்தில் படிவத்தை எடுத்து நிரப்பிப் பார்த்தேன். பிரித்த பெட்டி, பயன்படுத்திய பொருள், தேய்மானம் கழித்தால் எங்கள் கணக்கில் சுழியம் வருகிறது. அதை எழுதப் போய், எழுதவில்லை. மதிப்பு என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
தம்பி

ஜூன் 13

அன்புள்ள தம்பிக்கு,

போட்டுவிட்டேன், பார்த்தாயா. உனக்காக இல்லை, உங்கள் மேலாளர் அம்மாவுக்காக.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். சக்கரம் வருகிற பத்தியை உன் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல வேலையே இல்ல போலிருக்கு" என்றார். அரை மணி கழித்து, பேப்பரை இறக்காமலே, "அந்த ரெண்டாவது மேடு எவ்வளவு தள்ளி வைக்கணுமாம்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். மறுபடி பேப்பர்.

மொத்த வியாபாரியின் ஆள் பதினைந்தாம் தேதி வர வேண்டியவர், நேற்றே வந்து நின்றார். மாதிரிப் பெட்டி எங்கே என்றார். தம்பி வீட்டில் இருக்கிறது என்றேன். முத்திரை இருக்கிறதா என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்த பொய்கள் எதுவுமே நன்றாக இல்லை.

"அப்ப நாப்பது எழுதிக்கட்டுமாக்கா?"

"வேற யார் யார் எடுத்திருக்காங்க?"

"இந்தப் பக்கம் நீங்கதான் முதல்."

"மத்தவங்கல்லாம் முத்திரையோட திருப்பிட்டாங்களா?"

"எல்லாருமே. பிரிச்சுக் கூடப் பாக்கல. நீங்கதான் தைரியமாப் பிரிச்சிருக்கீங்க."

எனக்குத் தைரியம் என்று முதல் தடவையாக ஒருவர் சொல்கிறார், அதுவும் நீ செய்ததற்கு. கையெழுத்துப் போட்டேன். பெட்டிகள் திங்கட்கிழமை வருகின்றன. பள்ளி புதன்கிழமை திறக்கிறது. இருபதாம் தேதி சனிக்கிழமை மெஷின்காரர் வருகிறார். காலையில் அலமாரியைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

உன்னிடம் இருக்கிற தவளையை அனுப்பு. கட்டினது கட்டினபடியே, இரண்டாவது மேட்டோடு. கண்ணாடி ஓரத்தில் வைக்க வேண்டும். புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்துக் கட்ட எனக்கு நேரமும் இல்லை, உங்கள் மேலாளர் அம்மா மாதிரி மூளையும் இல்லை. உன்னுடையது எப்படியும் பிரித்ததுதானே.

அதோடு ஒரு வார்த்தையில் பதில் எழுது. கட்டுப்படியாகுமா, ஆகாதா? நீ ஆகாது என்று சொன்னாலும் நாற்பதும் என்னுடையதுதான், இனி திரும்பாது. ஆனாலும் எனக்குத் தெரிய வேண்டும். நீ சொன்னதை நம்பி இரண்டு வருடமாக அந்த அலமாரியில் நல்லதாக எதையும் வாங்கி வைக்காமல் இருந்துவிட்டேன். உன் மேல் கோபம் என்று எல்லோரிடமும் சொன்னேன். கோபம்தான். ஆனால் உள்ளுக்குள் நீ சொன்னது சரியாக இருக்குமோ என்றும் இருந்தது. அதை உன் அத்தானிடம்கூடச் சொல்லவில்லை.

கட்டத்தைக் காலியாக விட்டாயே, அது எனக்குப் பிடித்தது. போன தடவை யோசிக்காமல் நிரப்பிவிட்டாய்.

அக்கா

ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் இந்தக் கடிதத்தோடு வருகிறது. நேற்றே அனுப்பியிருக்க வேண்டும். நேற்று அனுப்பாததற்குக் காரணமாக கூரியர் அலுவலகம் சீக்கிரம் மூடிவிட்டார்கள் என்று எழுதத் தொடங்கினேன். கூரியர் அலுவலகம் எட்டு மணி வரை திறந்திருக்கிறது. நான் அதன் வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன்.

அனுப்ப மனம் வரவில்லை என்பதுதான் விஷயம். அறைக்கு வந்து உட்கார்ந்து இதைப் பற்றி யோசித்தேன். எங்கள் கையேட்டில், பயன்படுத்தாத ஒரு பத்தி இருக்கிறது. சந்தை விலை கிடைக்காத பொருள்களுக்கு, அதை விட்டுக்கொடுக்க உரிமையாளர் என்ன கேட்பார் என்று விசாரிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் நான் யாரையும் அப்படி விசாரித்ததில்லை. உரிமையாளர்கள் கண்டபடி கேட்பார்கள், நேரம் வீண் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நேற்று என்னையே விசாரித்தேன். இந்தத் தவளையைக் கொடுக்க என்ன கேட்பாய் என்று. மூன்று சாப்பாட்டுக்குக் கிடைக்கிற பொருள், உன் கடைக்கே நாற்பது வந்திருக்கும். ஒரு எண்ணும் வரவில்லை. நானும் கண்டபடிதான் கேட்பேன் போலிருந்தது.

அன்று உன் கடையில் நான் அலமாரியைப் பார்த்தேன், ஈரத்தைப் பார்த்தேன், எடையைப் பார்த்தேன். பக்கத்தில் துடைப்பத்தோடு நின்ற உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையேட்டின்படியே அது குறைபாடுள்ள மதிப்பீடு. அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். நனைவதற்கு முன்னால் அதற்கு மதிப்பு இருந்தது. எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். இதையும் அத்தானிடம் காட்டலாம். வாசித்துக் காட்டினால் என் குரலில் வாசிக்க வேண்டாம்.

பார்சலைப் பற்றி: தவளையைக் கிணற்றிலிருந்து எடுத்துத் தனியே துணியில் சுற்றியிருக்கிறேன், தொப்பி கழன்றுவிடும். கைப்பிடியைப் பேப்பர் வைத்து இறுக்கியிருக்கிறேன். அந்தப் பேப்பரை எடுக்காமல் சுற்றினால் உடையும். இரண்டாவது மேடு முதல் மேட்டிலிருந்து, சக்கரத்தில் துண்டு சொருகும் குமிழ்களில் எண்ணினால், சரியாக நான்கு குமிழ் தள்ளி இருக்கிறது, அத்தான் கேட்டதாகச் சொன்னாயே, அவருக்கு. மூன்று குமிழில் வைத்தால் தவளை விளிம்பில் நிற்காமல் கீழே விழும். மேலாளர் அம்மா மூன்றில் வைத்துப் பார்த்து விழுந்த பிறகு நான்குக்கு மாற்றினார். கொடியின் மூலையை மறுபடி ஒட்டியிருக்கிறேன். பார்சலை இன்ஷூர் செய்தேன். என்ன தொகைக்கு என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். என் பின்னால் நின்றவர்கள் பொறுமை இழக்கும் வரை யோசித்தேன்.

அலுவலகத்தில் ஆறு பேர் பெட்டி வேண்டும் என்கிறார்கள். பட்டியல் பின்பக்கம். மேலாளர் அம்மாவின் பெயருக்கு எதிரே இரண்டு போட்டிருக்கிறது, அது தவறு இல்லை, அவரே திருத்தியது.

நீ ஒரு வார்த்தை கேட்டாய். கட்டுப்படியாகும்.

அன்புடன்,
தம்பி

ஜூன் 29

அன்புள்ள தம்பிக்கு,

எழுத நேரமில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன், கையெழுத்து அப்படித்தான் இருக்கும். தப்பாகப் படித்துவிட்டு எதையாவது அறுத்துவிடாதே.

பார்சல் பதினெட்டாம் தேதி வந்தது. தவளையின் தொப்பி இருந்தது. உன் அத்தான் பேப்பரை எடுக்காமல் கைப்பிடியில் கை வைத்தார், நான் கத்தினேன், உடையவில்லை. கண்ணாடிக்கு உள்பக்கம் வைத்தால் யாரும் சுற்ற முடியாது, வெளியே வைத்தால் யாராவது கொண்டுபோய்விடுவார்கள். கடைசியில் கல்லாப்பெட்டி மேல் வைத்தோம், சுற்ற வேண்டுமென்றால் உள்ளே வந்துதான் ஆக வேண்டும். இது அவருடைய யோசனை. ஏன் யோசனை சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை.

தவளையை வைத்த முதல் நாள் நான்கு பெட்டி போனது. இரண்டாம் நாள் ஒன்றுகூடப் போகவில்லை. அன்று உனக்கு ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஆந்தை இல்லை என்று இரண்டு பேர் திட்டிவிட்டுப் போனார்கள், நீ சொன்ன மாதிரியே. மூன்றாம் நாள் சனிக்கிழமை. மெஷின்காரர் சொன்ன நேரத்துக்கு டேப்பும் பையுமாக வந்து நின்றார். கடையில் அப்போது ஆறு பேர். ஒரு அம்மா, இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள், மருந்துக்கடைக்காரர், இன்னும் யார் யாரோ. எல்லோரும் கல்லாவைச் சுற்றி.

"சார், இடத்த அளந்துக்கலாமா?" என்றார் மெஷின்காரர்.

"அளக்கலாம், இவங்கல்லாம் கொஞ்சம் நகரட்டும்" என்றார் உன் அத்தான்.

யாரும் நகரவில்லை. அவர் காத்திருந்தார். காத்திருக்கிறவர் சும்மா இருப்பாரா, எட்டிப் பார்த்தார்.

"ஒரு சுத்துக்கு ரெண்டு தடவையா குதிக்குது? என் பையன் முந்தாநாள் இங்க வாங்கினது ஒரு தடவதான் குதிக்கும்."

உன் அத்தான் ரொம்பச் சாதாரணமாக, ஏதோ பரம்பரைத் தொழில் மாதிரி, "உள்ள நாலு குமிழ் தள்ளி ஒரு மேடு வெக்கணும் சார். பெட்டியிலேயே எக்ஸ்ட்ரா குடுத்திருக்கான், யாரும் கவனிக்கறதில்ல" என்றார்.

"எங்க, காட்டுங்க."

காட்டினார். கழற்றிக் காட்டினார், பொருத்திக் காட்டினார். மூன்று குமிழில் வைத்து விழவைத்துக் காட்டினார். அந்தப் பள்ளிக்கூடப் பெண்களில் ஒருத்தி ஐந்து குமிழில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். அது உங்கள் அலுவலகத்துக்கே தோன்றவில்லை போலிருக்கிறது. ஐந்தில் வைத்தால் தவளை விளிம்பைத் தொடாமல் நேராகக் காசின் மேல் விழுகிறது. கடையில் எல்லோரும் ஒன்றாக "ஆ" என்றார்கள். மருந்துக்கடைக்காரர் தன் கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்தது அப்போதுதான் நினைவு வந்து ஓடினார். ஓடும்போது ஒரு பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஓடினார், பிறகு வந்து பணம் கொடுத்தார்.

மெஷின்காரர் மூன்று பெட்டி வாங்கினார். டேப்பை எங்கள் கல்லாவிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய், திங்கட்கிழமை அதை எடுக்க வந்தவர் நான்காவதை வாங்கினார். அன்றும் அளக்கவில்லை.

உங்கள் ஆறு பேருக்கான ஏழு பெட்டி தனிப் பார்சலில் வருகிறது. மேலாளர் அம்மாவின் இரண்டில் ஒன்றின் மேல் "ஐந்து குமிழ்" என்று எழுதியிருக்கிறேன், அவர் புரிந்துகொள்வார். நாற்பதில் இரண்டு மீதி. இன்னொரு நாற்பதுக்கு மொத்த வியாபாரிக்கு நேற்று சொல்லியாகிவிட்டது. சொன்னது நான் இல்லை. பெரிய பெட்டியும் வேண்டும், ஆந்தையோடு, என்று கேட்டது எனக்குப் பின்னால் நின்ற குரல்.

நீ திரும்பப் பெற்ற வாக்கியத்தை அவரிடம் வாசித்தேன். "இதுக்கு ரெண்டு வருஷமா" என்று மட்டும் சொன்னார், பிறகு எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டில் இருந்த பழைய நோட்டுக்கட்டுகளை இறக்கி வைத்தார். நான் உன் கடிதத்தை மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் மை கலைந்துவிடும், வேண்டாம்.

தச்சர் வந்து அலமாரிக்குப் பக்கத்தில் இன்னொரு அலமாரி போட்டுவிட்டுப் போனார். ஜெராக்ஸ் கேட்டு வருகிறவர்களைப் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடைக்கு அனுப்புகிறோம்.

அக்கா